அண்ணனின் ஒய்15, அப்பாவின் இஎக்ஸ்5

தங்கச்சி, நீங்கள் கேட்டது இது. அப்பா செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டிய காலத்தில் வாங்கிய ஹோண்டா இஎக்ஸ்5 மோட்டாரில் ஆறு வருடமாகச் சுங்கை சிப்புட்டிலிருந்து கோலகங்சாருக்கு வேலைக்குப் போய் வருகிறீர்கள். சிங்கப்பூரில் வேலை கிடைத்து ஜோகூருக்குக் குடிபோன அண்ணன், தன்னுடைய யமாஹா ஒய்15 மோட்டாரை வீட்டிலேயே விட்டுப் போய்விட்டார். இரண்டு வாரமாக அதை ஓட்டுகிறீர்கள். முதல் நாள் பயமாக இருந்தது, நான்காம் நாள் ஆசை வந்தது. இப்போது அப்பாவின் மோட்டாரில் ஏறினால் கிழட்டு மாடு மாதிரி இழுக்கிறது என்கிறீர்கள். கோளாறு மோட்டாரிலா, உங்களிடமா, பழையதை விற்றுவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

விற்காதீர்கள். குறைந்தது, நான் கீழே சொல்வதையெல்லாம் பார்த்து முடிக்கும்வரை விற்காதீர்கள்.

28 வருடமாக மோட்டார் பட்டறை வைத்திருக்கிறேன். பழுது பார்த்த மோட்டாரை ஒரு சுற்று ஓட்டிப் பார்க்காமல் யாருக்கும் சாவியைக் கொடுத்ததில்லை. ஒரு நாளைக்கு நாலைந்து பேருடைய மோட்டாரில் ஏறி இறங்கிவிட்டு, பொழுது சாய்ந்ததும் என் இஎக்ஸ்5-இல் வீட்டுக்குப் போவேன். அப்படிப் போன சாயங்காலங்களில்தான் ஒன்று தெரிந்தது. நம் மோட்டார் எந்த நிலையில் இருக்கிறது என்பது அடுத்தவர் மோட்டாரை ஓட்டிவிட்டு அதில் திரும்ப உட்காரும் அந்த முதல் ஐந்து நிமிடத்தில்தான் தெரியும். அதற்கு முன்னால் தெரியாது, அதற்குப் பிறகும் தெரியாது, உடம்பு பழகிவிடும். உங்களுக்கு இப்போது அந்த ஐந்து நிமிடம் கிடைத்திருக்கிறது. அதை வீணாக்கிவிட்டு மோட்டாரை விற்கப் போகிறீர்களே என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பயத்தைப் பார்ப்போம், ஏனென்றால் அது நியாயமான பயம். உங்கள் இடது காலிலிருந்து வருகிறது.

இஎக்ஸ்5-இல் கியர் ஏற வேண்டுமென்றால் கால் விரலால் முன்மிதியை அழுத்துவோம். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு எல்லாமே அழுத்தல்தான். இறங்க வேண்டுமென்றால் குதிகாலால் பின்மிதியை மிதிப்போம். ஒய்15-இல் விரலால் அழுத்தினால் முதல் கியர், அங்கிருந்து இரண்டுக்கும் அதற்கு மேலும் போக முன்மிதியைத் தூக்க வேண்டும். அதாவது நீங்கள் ஆறு வருடமாக "ஏறு" என்று சொல்லிவந்த அதே அசைவு, அந்த மோட்டாருக்கு "இறங்கு" என்று கேட்கிறது. மூளைக்கு இதை ஒரு நிமிடத்தில் சொல்லிப் புரியவைத்துவிடலாம். கால் அப்படிக் கேட்காது. அவசரம் வரும்போது கால் தனக்குத் தெரிந்ததைத்தான் செய்யும்.

எனக்கே நடந்திருக்கிறது. ஒய்15 இங்கே மலேசியாவில் 2015-இல் விற்பனைக்கு வந்தது. அதற்கு இரண்டு மூன்று வருடம் கழித்து, ஒரு வாடிக்கையாளரின் மோட்டாருக்குச் செயின் மாற்றிவிட்டு லிந்தாங் சாலைப் பக்கம் ஓட்டிப் பார்க்கப் போனேன். செம்பனைக் காட்டுக்கு நடுவே சின்ன இறக்கம் ஒன்று, கீழே பாலம். முதல் நாள் மழையில் செம்மண் அடித்து வந்து சாலை ஓரமெல்லாம் படிந்திருந்தது. மூன்றாவது கியரில் இறங்குகிறேன். புதுச் செயினின் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்ததால் மனம் அங்கே போய்விட்டது. நான்காவது போடலாம் என்று கால் தானாக அழுத்தியது. மோட்டார் இரண்டாவதில் விழுந்தது. எஞ்சின் ஒரு கத்து கத்த, பின் டயர் அந்த மண்ணில் பிடியை விட்டு இடது பக்கமாக ஒரு முழம் ஒதுங்கியது. கை கிளட்ச்சைப் பிடித்தது, அதுவே காப்பாற்றியது. பாலத்துக்கு அந்தப் பக்கம் நிறுத்திவிட்டுத் திரும்பி நடந்து வந்து பார்த்தேன். சிவப்பு மண்ணைக் கீறிக்கொண்டு ஒரு கோடு, வாழைத்தண்டு மாதிரி வளைந்து கிடந்தது. அதற்குப் பக்கத்தில் லோரியிலிருந்து உதிர்ந்த செம்பனைப் பழம் நாலைந்து. டயர் அதில் ஒன்றின் மேல் ஏறியிருந்தால் இந்தப் பதிலை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். பழகாத மோட்டாரில் ஏறினால் உடனே கிளம்ப மாட்டேன். நடு ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினை எழுப்பாமல், பின் சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே கியரை ஏற்றி இறக்கிப் பார்ப்பேன். வாயால் "ஏறு, ஏறு, இறங்கு" என்று சொல்லிக்கொண்டே செய்வேன். பட்டறைப் பையன்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள், பரவாயில்லை. பத்து தடவை செய்தால் கால் கொஞ்சம் கேட்கத் தொடங்கும். நீங்கள் இரண்டு மோட்டாரையும் மாற்றி மாற்றி ஓட்டப் போவதாக இருந்தால், ஒவ்வொரு முறை மாறும்போதும் இதைச் செய்யுங்கள். திரும்பி இஎக்ஸ்5-க்கு வரும்போதும்தான். அப்போது ஆபத்து தலைகீழாக வரும். ஒய்15-இல் பழகிய கால் முன்மிதியைத் தூக்கினால் இஎக்ஸ்5 கியர் இறங்கிவிடும்.

அதோடு சேர்த்து, கண்ணை மூடிக்கொண்டு ஹோர்ன், சிக்னல், உயர்விளக்கு மூன்றையும் கட்டைவிரலால் தேடிக் கண்டுபிடியுங்கள். முன்னால் லோரி பின்னோக்கி வரும்போது ஹோர்ன் என்று நினைத்துச் சிக்னலைத் தட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது கிளட்ச், எஞ்சினின் பலத்தைச் சக்கரத்தோடு சேர்த்தும் பிரித்தும் விடுகிற பாகம். போக்குவரத்து விளக்கில் மூன்று தடவை எஞ்சின் நின்றுபோனது என்று வெட்கத்தோடு எழுதியிருக்கிறீர்கள். இதில் வெட்கம் எதற்கு? உங்கள் இடது கைக்கு இதுவரை வேலையே இருந்ததில்லை.

அதற்கு ஒரு கதை உண்டு. 1958-இல் ஹோண்டா நிறுவனம் சூப்பர் கப் என்ற சின்ன மோட்டாரை ஜப்பானில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. சோபா நூடல்ஸ் கடைப் பையன்கள் ஒரு கையில் தட்டைத் தூக்கிக்கொண்டு மறு கையால் ஓட்டும்படி இருக்க வேண்டும் என்ற எண்ணத்தில் இடது கைக் கிளட்ச்சை எடுத்துவிட்டார்கள் என்பார்கள். இந்த மாதிரிச் சின்ன மோட்டாரை நாம் "கப்சாய்" என்கிறோமே, அந்தச் சொல்லில் இருக்கும் கப் இதுதான், சாய் என்பது சீன வாலாக ஒட்டிக்கொண்டது. 2017-இல் இந்த வகை மோட்டார் பத்து கோடியைத் தாண்டிவிட்டது. இஎக்ஸ்5 அதன் வம்சம். ஜப்பானில் நூடல்ஸ் தட்டு இருந்த இடத்தில் நம் தோட்டத்தில் ரப்பர் பால் தோம்பு இருந்தது, அரிவாள் கட்டிய நீளக் கம்பு இருந்தது. உங்கள் அப்பா அந்தக் கம்பைத் தோளில் சாய்த்து ஒரு கையால் பிடித்துக்கொண்டு விடியற்காலையில் காட்டுக்குள் போயிருப்பார், நீங்களே பார்த்திருப்பீர்கள். அந்த வேலைக்கென்றே பிறந்த மாதிரியான மோட்டார் அது.

உள்ளே நடப்பது இதுதான். எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது பிடிப்பே இருக்காது. வலது கைப்பிடியைத் திருகினால் சுழற்சி கூடும், உள்ளே இருக்கும் பளுக்கட்டைகள் வெளியே விரிந்து சுற்றியுள்ள கிண்ணத்தைப் பிடிக்கும், மோட்டார் நகரும். கியர் மாற்றும்போது மிதியை அழுத்தும் முதல் அசைவிலேயே இன்னொரு கிளட்ச் விடுபடும். மிதியை அழுத்திப் பிடித்திருக்கும்வரை அது விட்டபடியே இருக்கும். காலை வேகமாக எடுத்தால் குதிக்கும், மெல்ல எடுத்தால் மெல்லப் பிடிக்கும். ஆக, இத்தனை வருடமும் கிளட்ச்சை நீங்கள் காலால் ஓட்டியிருக்கிறீர்கள். கிளட்ச் தெரியாதவர் இல்லை நீங்கள், அந்த நுணுக்கத்தைக் காலிலிருந்து கைக்கு மாற்ற வேண்டியதுதான் பாக்கி.

பள்ளித் திடல் மாதிரி ஒரு காலியிடத்துக்குப் போங்கள். முதல் கியர் போட்டு, திருகவே திருகாமல், கிளட்ச்சை மட்டும் நூல் நூலாக விட்டு மோட்டார் நகரத் தொடங்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். நகர்ந்ததும் மறுபடி பிடியுங்கள். இருபது தடவை. பிறகு விளக்கில் எஞ்சின் அணைந்துபோகாது.

இப்போது நீங்கள் சொன்ன ஆசைக்கு வருகிறேன். "80-இல் போகிற மாதிரியே இல்லை, அவ்வளவு சுகமாக இருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உங்கள் பயத்தைவிட இந்த வரிதான் கவலையைக் கொடுத்தது.

இஎக்ஸ்5-இல் நீங்கள் வேகமானியைப் பார்த்து ஓட்டுவதில்லை. யாரும் பார்ப்பதில்லை. 60-இல் ஒரு சத்தம், 70-இல் கால்மிதியில் ஒரு அதிர்வு, 80-ஐ நெருங்கினால் பக்கக் கண்ணாடியில் பின்னால் வரும் லோரியின் உருவமே கலங்கிப்போகும். அந்த நடுக்கம்தான் உங்கள் உடம்புக்கு வேகமானி. ஒய்15 அந்த வேகத்தில் சும்மா போகும். 149.7 சிசி, தண்ணீர் குளிர்விக்கும் எஞ்சின், ஐந்து கியர், அகலமான பின் டயர். பழைய இஎக்ஸ்5-இன் 97 சிசி மூச்சு வாங்கும் இடத்தில் இது பேசிக்கொண்டே நடக்கிற மாதிரி போகும். உங்கள் உடம்பு "இன்னும் 65தான்" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது முள் 90-ஐத் தொட்டிருக்கும். கோலகங்சார் சாலையில் 90தான் வரம்பு, அதுகூட வானம் நன்றாக இருந்தால்.

வேகம் இரண்டு மடங்கானால் நிற்க வேண்டிய தூரம் இரண்டு மடங்காகாது, பிரேக் பிடித்த பின் உருளும் தூரம் நான்கு மடங்காகும். அதற்கு முன்னால் நாம் பார்த்து, புரிந்து, கையை அழுத்துவதற்கு ஒரு வினாடி ஆகும் என்றால், 60-இல் அந்த ஒரு வினாடியிலேயே கிட்டத்தட்ட 17 மீட்டர் போய்விடுவீர்கள், 90-இல் 25 மீட்டர். தோட்டத்துச் சந்தியிலிருந்து செம்பனை ஏற்றிய டிராக்டர் தலையை நீட்டும்போது அந்த எட்டு மீட்டர் வித்தியாசம் பெரிய விஷயம். ஆகவே முதல் ஒரு மாதம் வேகமானியைப் பார்த்து ஓட்டுங்கள். உடம்பு சொல்வதை நம்பாதீர்கள், அது இன்னும் அப்பாவின் மோட்டாரில்தான் உட்கார்ந்திருக்கிறது.

இன்னொன்று கேட்டீர்கள்: பெரிய எஞ்சின் என்கிறார்கள், ஆனால் பட்டணத்துக்குள் மூன்றாவது கியரில் 30-இல் போனால் தட்டுத் தடுமாறுகிறதே, இதற்கு இஎக்ஸ்5 தேவலையே என்று. மோட்டாரில் கோளாறு இல்லை, இஎக்ஸ்5-ஐ ஓட்டுகிற மாதிரி அதை ஓட்டுகிறீர்கள். இஎக்ஸ்5-க்குச் சீக்கிரம் மேல் கியருக்குப் போனால் பிடிக்கும், கீழ்ச் சுழற்சியிலேயே நிதானமாக இழுக்கும். ஒய்15-இன் எஞ்சின் தன் முழு பலத்தை நிமிடத்துக்கு 8500 சுற்றில்தான் கொடுக்கும். கீழே அது சாதாரண எஞ்சின்தான், பாதிக்கு மேல் சுற்றும்போதுதான் விழிக்கும். 30-இல் இரண்டாவது கியரில் வைத்துப் பாருங்கள், தடுமாற்றம் போய்விடும். சத்தம் கூடுதலாக இருக்கிறதே, எஞ்சின் கெட்டுவிடுமோ என்று மனம் பதறும். கெடாது. உங்கள் காது 97 சிசிக்குப் பழகிய காது.

பிரேக்கில் வித்தியாசம் பெரிது. இஎக்ஸ்5-க்கு முன்னும் பின்னும் டிரம், சக்கரத்தின் நடுக் கிண்ணத்துக்குள் ஷூ உரசிப் பிடிக்கும். ஒய்15-க்கு இரண்டும் டிஸ்க், வெளியே தெரியும் தட்டைக் கவ்விப் பிடிக்கும். டிரம்மில் கை முழுவதும் சேர்த்து அமுக்கிப் பழகியவர்கள் டிஸ்க்கிலும் அப்படியே அமுக்கிவிடுவார்கள். முதல் இரண்டு விரல் போதும், அதையும் படிப்படியாக. மழை பெய்து முடிந்த சாலையில் டிஸ்க் தட்டின் மேல் நீர்ப்படலம் இருக்கும், தொட்டதும் ஒரு கணம் பிடிக்காத மாதிரி இருந்து பிறகு சட்டென்று பிடிக்கும். அந்த ஒரு கணத்துக்குப் பயந்து இன்னும் அமுக்கினால் முன் சக்கரம் சுழலாமல் இறுகி நின்றுவிடும். இஎக்ஸ்5-இல் வேறு கதை: தண்ணீர் தேங்கிய இடத்தைத் தாண்டினால் டிரம்முக்குள் ஈரம் போய் கொஞ்ச தூரத்துக்குப் பிரேக்கே இல்லாத மாதிரி இருக்கும், லேசாகப் பிடித்துக்கொண்டே ஓட்டிக் காய வைக்க வேண்டும். இது உங்களுக்குத் தெரிந்ததுதான்.

டயரிலும் பாருங்கள். ஒய்15-இன் பின் டயர் 120 மில்லிமீட்டர் அகலம். தாரில் அது சொகுசு, வளைவில் நம்பிக்கை கொடுக்கும். தோட்டத்துச் செம்மண் பாதையில் மழைக்குப் பிறகு அந்த அகலம் உதவாது. இஎக்ஸ்5-இன் ஒல்லி டயர் சேற்றைக் கத்தி மாதிரி வெட்டிக்கொண்டு அடியில் உள்ள கெட்டி மண்ணைத் தொடும். அகல டயர் சேற்றின் மேலேயே மிதந்து வழுக்கும். எல்பில் தோட்டத்துப் பக்கம் மாமா வீட்டுக்குப் போகும்போது எது நன்றாக இருந்தது என்று நீங்கள் எழுதவில்லை. எனக்குப் பதில் தெரியும். போதாததற்கு, ஒய்15-இன் முன்னால் ரேடியேட்டர் இருக்கிறது. செம்மண் அப்பிக் காய்ந்தால் காற்றுப் போகும் வழி அடைபடும். மண் பாதையில் போய் வந்தால் குழாய்த் தண்ணீரை மெதுவாக விட்டுக் கழுவுங்கள், வேகமாக அடிக்கும் தண்ணீர் வேண்டாம், அந்த மெல்லிய தகடுகள் வளைந்துவிடும்.

அம்மாவைப் பின்னால் ஏற்றிச் சந்தைக்குப் போனபோது அவர் முன்னால் சரிந்து உங்கள் முதுகில் முட்டிக்கொண்டே வந்தார் என்றீர்களே, பின் இருக்கை உயர்ந்து சாய்ந்திருப்பதால் அப்படித்தான். வயதானவர்களுக்கு ஏறி இறங்கவும் கஷ்டம். இதற்கு வைத்தியம் இல்லை. அம்மாவுக்கும் சமையல் எரிவாயுத் தோம்புக்கும் இஎக்ஸ்5தான்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். அப்பாவின் மோட்டார் மாடு மாதிரி இழுக்கிறது என்று சொன்னீர்களே, அது.

ஐந்தாறு வருடத்துக்கு முன் ஒருவருடைய ஹோண்டா வேவ்125-க்கு ஸ்டியரிங் கோன், அதாவது ஹேண்டில் திரும்பும் கழுத்தில் இருக்கும் குண்டு வளையம், மாற்றிக் கொடுத்தேன். ஓட்டிப் பார்த்தேன், பட்டணத்தை ஒரு சுற்று சுற்றி வந்தேன், நன்றாக இருந்தது. சாயங்காலம் என் இஎக்ஸ்5-இல் ஏறினேன். ஐம்பது அடி போவதற்குள் நிறுத்திவிட்டேன். டயரில் காற்று இல்லையோ என்று குனிந்து பார்த்தேன். காற்று இருந்தது. மறுபடி ஓட்டினால், மெதுவாகப் போகும்போது ஹேண்டில் நேராக நிற்கமாட்டேன் என்கிறது, கொஞ்சம் இடம், கொஞ்சம் வலம் என்று குடிகாரன் நடக்கிற மாதிரி. காலையில் இதே மோட்டாரில்தான் வந்தேன், ஒன்றும் தெரியவில்லை.

திரும்பக் கொண்டுபோய் நடு ஸ்டாண்டில் நிறுத்தி, பையனைப் பின்னால் அழுத்தச் சொன்னேன். முன் சக்கரம் தரையை விட்டு எழுந்தது. இரண்டு விரலால் ஹேண்டிலை மெல்லத் திருப்பினேன். நடுவுக்கு வந்ததும் "டக்" என்று ஒரு பள்ளத்தில் விழுந்து நின்றது. அதிலிருந்து வெளியே எடுக்க இன்னொரு சின்னத் தள்ளு வேண்டியிருந்தது. கழற்றிப் பார்த்தால், குண்டுகள் உருளும் அந்த வளையத்தில் வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள், ஆணி முனையால் குத்திய மாதிரி. வருடக்கணக்காக நேராகவே ஓடி, மேடு பள்ளத்தில் குண்டுகள் அதே இடத்தில் அடித்து அடித்து வந்த குழி. ஒரு நாளைக்கு ஒரு மயிரிழை. நானும் ஒரு நாளைக்கு ஒரு மயிரிழை அதற்கேற்ப என் கையை மாற்றிக்கொண்டே வந்திருக்கிறேன். ஊரார் மோட்டாருக்கெல்லாம் கோன் மாற்றுகிறவன் என்னுடையதைக் கவனிக்கவில்லை. புது கோன் போட்ட வேவ் மோட்டார்தான் அன்று அதைக் காட்டிக் கொடுத்தது.

உங்களுக்கும் அதுதான் நடந்திருக்கிறது என்று நினைக்கிறேன். இஎக்ஸ்5 மெதுவான மோட்டார்தான், ஆனால் நல்ல நிலையில் இருக்கும் இஎக்ஸ்5 இழுக்காது. லேசாக ஓடும். ஒய்15-இலிருந்து இறங்கிய கையோடு இதையெல்லாம் பாருங்கள்.

டயர் காற்றை முதலில் பாருங்கள், எண்ணெய் நிலையத்து அளவியில், காலையில், டயர் சூடாவதற்கு முன். அளவு உரிமையாளர் கையேட்டில் இருக்கும். "இழுக்கிறது" என்று வந்தவர்களில் பல பேருக்குக் காற்று மட்டும்தான் அடித்து அனுப்பியிருக்கிறேன். டயர் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு எண் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டு 23-ஆவது வாரம் செய்தது. டயரின் பூ (மேலே உள்ள வரிப்பள்ளம்) தேயாமல் இருந்தாலும் பழைய டயர் கெட்டிப்பட்டிருக்கும், ஈரத்தில் பிடிக்காது.

பிறகு நடு ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில், பின் சக்கரத்தைக் கையால் சுற்றி விடுங்கள். சுதந்திரமாகச் சில சுற்று சுற்ற வேண்டும். "சர்ர்" என்று உரசி நின்றால் பிரேக்கை யாரோ அதிகமாக முறுக்கிவிட்டிருக்கிறார்கள். முன் பிரேக் பிடியில் 10-இலிருந்து 20 மில்லிமீட்டர் வரை சும்மா அசையும் இடம் இருக்க வேண்டும். பிரேக்கை முழுவதும் பிடித்துக்கொண்டு டிரம் பக்கத்தில் உள்ள அம்புக்குறியைப் பாருங்கள், அது எதிரே உள்ள கோட்டைத் தொட்டுவிட்டால் ஷூ முடிந்துவிட்டது. சக்கரத்தைச் சுற்றும்போதே செயினையும் கவனியுங்கள். ஓரிடத்தில் தொங்கி ஓரிடத்தில் விறைத்தால் செயினும் அது ஓடும் பற்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டும் சேர்ந்தே மாற்ற வேண்டும், ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதைத் தின்றுவிடும்.

கிளட்ச்சுக்கு ஒரு சோதனை. காலியான நேர்ச்சாலையில் நான்காவது கியரில் 50-இல் போய்க்கொண்டிருக்கும்போது சட்டென்று முழுவதும் திருகுங்கள். சத்தமும் வேகமும் சேர்ந்து ஏற வேண்டும். சத்தம் மட்டும் எகிறி மோட்டார் பின்னாலேயே நின்றால் கிளட்ச் வழுக்குகிறது. அப்படி இருந்தால் உடனே பணத்தைச் செலவழிக்க வேண்டாம், முதலில் எஞ்சின் ஆயில் என்ன ஊற்றினார்கள் என்று கேளுங்கள். கியர் மோட்டாருக்கு ஜாசோ எம்ஏ (JASO MA) என்று போட்டிருக்கும் ஆயில்தான். ஸ்கூட்டருக்கென்று வரும் எம்பி (MB) ஆயில் வழவழப்பு அதிகம், எண்ணெயிலேயே மூழ்கியிருக்கும் நம் கிளட்ச்சை அது வழுக்கவிடும். மலிவாகக் கிடைத்தது என்று யாரோ ஊற்றிய எம்பி ஆயிலுக்காகக் கிளட்ச் தட்டு மாற்றிய வீடுகள் உண்டு.

காற்று வடிகட்டியைக் கழற்றிப் பாருங்கள். செம்மண் தூசி உள்ள ஊரில் அது சொன்ன காலத்துக்கு முன்பே அடைத்துக்கொள்ளும். கடைசியாக, நான் சொன்ன அந்த ஹேண்டில் சோதனை.

இவ்வளவும் சரியாக இருந்து, அதற்குப் பிறகும் ஏற்றத்தில் மூச்சு வாங்கி, வெளிப்புகையும் நீலமாக வந்தால் எஞ்சினுக்குள் பிஸ்டன் வளையம் தேய்ந்திருக்கிறது. அதையும் செய்து கொடுக்கலாம். இஎக்ஸ்5-க்குச் சாமான் கிடைக்காத ஊர் இந்த நாட்டில் இல்லை.

இரண்டையும் ஒப்பிட வேண்டும் என்றால் அதற்கப்புறம் ஒப்பிடுங்கள், அதுவும் ஒரே பாதையில், ஒரே நேரத்தில், ஒரே சுமையில். காலை ஏழு மணிக்குக் காலிச் சாலையில் ஒய்15-ஐ ஓட்டிவிட்டு, வேலை முடிந்து களைத்துப்போய் மழைக்கோட்டோடு இஎக்ஸ்5-ஐ ஓட்டினால் எந்த மோட்டாரும் தோற்கும்.

காகித விஷயம் சுருக்கமாக. உங்கள் பி2 லைசென்ஸ் 250 சிசி வரை செல்லும், ஆகவே இரண்டுக்கும் போதும். இரண்டுமே 150 சிசிக்குள் அடங்கும் மோட்டார், இரண்டையும் வைத்திருப்பதால் சாலை வரியில் பாரம் ஒன்றும் இல்லை. ஒய்15 அண்ணன் பெயரில் இருப்பதால், அவரைத் தவிர வேறு ஆள் ஓட்டினால் காப்புறுதி என்ன சொல்கிறது என்று பாலிசியை எடுத்துப் படித்துவிடச் சொல்லுங்கள். இதைத் தள்ளிப் போடாதீர்கள்.

பெட்ரோல் கணக்கு என் அனுபவத்தில் இஎக்ஸ்5-க்கு லிட்டருக்கு 50 கிலோமீட்டர், ஒய்15-க்கு 40 பக்கம். ஒய்15-இன் தொட்டி 4.2 லிட்டர்தான். பெரிய மோட்டார் என்று நினைத்து நிலையத்தைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

என்னைக் கேட்டால், ஈப்போ போவதற்கு, இரண்டு பேரும் இளவயசுக்காரர்களாக நெடுந்தூரம் போவதற்கு ஒய்15. ஏறக்குறைய 30 கிலோமீட்டர் பெரிய சாலையில் லோரிகளுக்கு நடுவே போகும்போது, முந்த வேண்டிய இடத்தில் முந்தி முடிக்கும் பலம் இருப்பது பாதுகாப்பு. அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். அண்ணன் திரும்பி வரும்வரை வாரம் ஒரு முறையாவது ஓட்டி வையுங்கள், சும்மா நிறுத்தினால் பேட்டரி போய்விடும். தினசரி வேலைக்கு, தோட்டத்து உறவுகளுக்கு, அம்மாவுக்கு, சந்தைக்கு அப்பாவின் மோட்டார். அதை இன்றைக்கு விற்றால், இழுக்கிற மோட்டார் என்ற விலைக்குத்தான் போகும். வாங்குகிறவன் காற்றடித்து, பிரேக்கைத் தளர்த்தி, கோன் மாற்றி, அப்பா எப்படி ஓட்டினாரோ அப்படி ஓட்டிக்கொண்டு உங்கள் வீட்டு வாசல் வழியாகவே போவான்.

பிரேக் ஷூ மாற்ற வேண்டி வந்தால் ஒன்று நினைவில் வையுங்கள். புது ஷூ முதல் நூறு இருநூறு கிலோமீட்டர் சரியாகப் பிடிக்காது, டிரம்மின் வளைவுக்கு அது உட்கார வேண்டும். அந்த வாரம் முன்னால் போகும் வண்டியிலிருந்து கூடுதல் இடம் விட்டு ஓட்டுங்கள். உட்கார்ந்த பிறகு கம்பி தளர்ந்திருக்கும், ஒரு முறை முறுக்கிக்கொள்ள வேண்டும்.